பி.ஜி.டி.ஐ. கோல்ஃப் சீசன்: கல்யாணப் பந்தியிலும் ரயிலிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

என் அக்கா மகன் கோல்ஃப் புரோ, அதாவது கோல்ஃபையே தொழிலாக ஆடுகிறவன். கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு முதல் கேள்வியை ஆரம்பிப்பார். பாயசம் வருவதற்குள் ஐந்து கேள்வி ஆகிவிடும். எல்லாருமே ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு முழு சீசன் அவனோடு ஊர் ஊராகப் போனேன். சில வாரம் பை தூக்கினேன், எல்லா வாரமும் கணக்கு எழுதினேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பி.ஜி.டி.ஐ.ன்னா என்ன சார்? ஐ.பி.எல். மாதிரி ஏதாவதா?

இந்தியாவின் ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் டூர். 2006ல் ஆட்டக்காரர்களே முன்னின்று அமைத்துக்கொண்டது. கிரிக்கெட்டை விட்ட பிறகு கோல்ஃப் மட்டையைப் பிடித்த கபில்தேவ் 2024 முதல் இதன் தலைவர். அவர் பெயரைச் சொன்னதும்தான் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வாராவாரம் நடக்கும் போட்டிகளில் அணி, ஏலம், முதலாளி எதுவும் கிடையாது. இந்த வாரம் ஜெய்ப்பூர் என்றால் அடுத்த வாரம் அகமதாபாத். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அவரவர் பையோடு வந்து சேர்வார்கள், ஆடுவார்கள், கலைவார்கள். ஊர்த் திருவிழாக்களுக்குக் கடை போடப் போகிற வியாபாரிகளைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த வாழ்க்கைதான்.

மாசம் சம்பளம் எவ்வளவு வரும்?

பூஜ்யம். டூர் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. போட்டியில் ஆட நுழைவுக் கட்டணத்தை நாம்தான் கட்டுகிறோம். நன்றாக ஆடினால் பரிசுப் பணம், சுமாராக ஆடினால் ஒன்றுமில்லை. என் மருமகனை 'கோல்ஃப் கம்பெனியில் வேலை பார்க்கிறான்' என்று அக்கா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கிற நேரத்தில் அதுதான் வசதி.

ஒரு மேட்ச் எத்தனை நாள்? ஞாயித்துக்கிழமை வெச்சா நாங்களும் பார்ப்போமே?

நான்கு நாள். ஒரு நாளைக்கு 18 குழி, மொத்தம் 72. நாலு நாளும் சேர்த்து யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவர் வெற்றியாளர்.

வெளிநாட்டுப் பெரிய டூர்கள் வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். இங்கே பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி வெள்ளியில் முடிந்துவிடும், சில போட்டிகள் புதன் முதல் சனி வரை. மைதானம் கிளப்புக்குச் சொந்தம். சனி, ஞாயிறு என்றால் உறுப்பினர்களுக்கு அது வேண்டும். அதனால் மற்றவர்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில்தான் எங்கள் தேர் ஓடும்.

பேர்டி, போகி, பார்... தலை சுத்துதுங்க. ஒரே வரியில சொல்லுங்க.

பார் என்பது ஒரு குழிக்கு வகுத்திருக்கும் அடிக்கணக்கு. அதில் ஒன்று குறைந்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. இதற்கு மேல் தெரியாமலே ஒரு சீசனைப் பார்த்துவிடலாம், நான் பார்த்தேன்.

'கட்' போச்சு, 'கட்' போச்சுன்னு உங்க அக்கா அழுதாங்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முதல் இரண்டு நாள், அதாவது 36 குழி, எல்லாரும் ஆடுவார்கள். இரண்டாம் நாள் மாலை ஒரு கோடு கிழிப்பார்கள். பி.ஜி.டி.ஐ.யில் வழக்கமாக முதல் 50 இடங்களும், 50ஆம் இடத்தோடு சமமாக நிற்பவர்களும் உள்ளே, மற்றவர்கள் வெளியே. உள்ளே வந்தவர்களுக்கு மட்டும்தான் அடுத்த இரண்டு நாள் ஆட்டமும் பரிசுப் பணமும். நூற்றுச் சொச்சம் பேர் வருகிற இடத்தில் பாதிக்கு மேல் வெறுங்கையோடு திரும்புவார்கள். வாராவாரம் இப்படித்தான்.

இதில் கொடுமை, கோடு எங்கே விழும் என்று சாயங்காலம் வரை தெரியாது. காலையில் ஆடியவர் மதியமே முடித்துவிடுவார். மதியம் கிளம்பிய கடைசிக் கூட்டம் முடிக்கும் வரை அவர் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். வட இந்திய ஊர் ஒன்றில் பையன் இரண்டு நாள் கணக்கில் பாரைவிட இரண்டு அடி கூடுதலாக முடித்தான். மூன்று மணிக்குக் கோடு பாரைவிட ஒரு அடி கூடுதலில் நின்றது, நாங்கள் வெளியே. நான்கு மணிக்குக் காற்று எழும்பியது, மதியக் கூட்டம் தடுமாற ஆரம்பித்தது, கோடு இரண்டுக்கு நகர்ந்தது. அடுத்தவன் பந்து மணலில் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பாவம் அன்று எனக்குச் சேர்ந்தது. ஐந்தரைக்கு யாரோ ஒருவர் கடைசிக் குழியில் தூரத்திலிருந்து பந்தை உருட்டி நீண்ட பட் ஒன்றைப் போட்டார், கோடு மறுபடி ஒன்றுக்குப் போய்விட்டது. தட்கல் டிக்கெட்டுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம்.

ஜெயிச்சா எவ்வளவு கிடைக்கும்? லட்சமா கோடியா?

போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது பல போட்டிகளில் அதுதான். முதலிடத்துக்கு அதில் நூற்றுக்கு 15, அதாவது 15 லட்சம். அங்கிருந்து இறங்கும் படிக்கட்டு ரொம்பச் செங்குத்து. முதல் பத்துக்குள் வந்தால் அந்த வாரம் நல்ல வாரம். கட் தாண்டிக் கடைசி இடங்களில் முடித்தால், எங்கள் நோட்டுப்படி வரவும் செலவும் ஏறக்குறைய நேர். வருவதிலும் வரிப் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும்.

சீசன் கணக்கில் சொல்வதென்றால், 2024ல் முதலிடம் பிடித்த வீர் அஹ்லாவத் டூரில் சம்பாதித்தது சுமார் 1.56 கோடி, அப்போது அது ஒரு சீசனுக்கான சாதனை. எல்லாரும் மேற்கோள் காட்டும் தொகை அதுதான். பட்டியலில் எண்பதாவதாக இருப்பவரின் தொகையை யாரும் கேட்பதில்லை.

ரெண்டு பேர் சமமா வந்தா பரிசைப் பாதிப் பாதியா பிரிச்சுக்குவாங்களா?

முதலிடத்துக்கு மட்டும் பிரிப்பது கிடையாது. அங்கே பிளேஆஃப். மறுபடியும் ஒரு குழி ஆடுவார்கள், பெரும்பாலும் பதினெட்டாவது குழியையே. யார் குறைவோ அவர் வெற்றி. சமமென்றால் இன்னொரு தடவை.

மற்ற இடங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, வங்கிக்காரன் என்பதால் எனக்கு அது பிடிக்கும். மூன்று பேர் இரண்டாம் இடத்தில் சமமாக இருந்தால், இரண்டு, மூன்று, நான்காம் இடங்களின் பணத்தைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். அதனால் கடைசிக் குழியில் ஒரு அடி குறைத்து முடிப்பவர், தான் ஒரு படி ஏறுவதோடு, தெரியாத நாலைந்து பேரின் தொகையையும் மாற்றிவிடுகிறார்.

அப்ப ஊர் ஊரா சுத்துற செலவு யார் பாக்கறா?

நாம்தான். ரயில் அல்லது விமானம், ஆறேழு ராத்திரி அறை, சாப்பாடு, பை தூக்கிக் கூட வரும் கேடிக்குக் கூலி, நுழைவுக் கட்டணம், பந்து, கையுறை. சிக்கனமாகப் போனால் எங்களுக்கு ஒரு வாரத்துக்கு 45,000 ரூபாய் ஆனது. அறையை இன்னொரு ஆட்டக்காரரோடு பங்குபோட முடியாமல் போன வாரங்களில் அறுபதைத் தொட்டது. இருபது வாரத்தால் பெருக்கிப் பாருங்கள். கட் தாண்டாத வாரங்களில் இது முழுக்கச் செலவு.

பையன் இதை நன்றாகவே நிர்வகிக்கிறான். எந்த ஊரில் எந்த லாட்ஜ் மைதானத்துக்குப் பக்கம், எங்கே காலை ஐந்து மணிக்கு இட்லி கிடைக்கும் (அகமதாபாத்தில் கிடைக்காது, போஹாதான்) என்றெல்லாம் அவன் போனில் பட்டியல் இருக்கிறது. மைதானத்தைப் பற்றிய குறிப்புகளைவிட அது நீளம்.

ஸ்பான்சர் பிடிச்சா போதாதா?

பிடித்தால் போதும்தான், பிடிப்பதுதான் கஷ்டம். சட்டையில் பெயர் போட விரும்பும் நிறுவனம் முதலில் கேட்பது, 'டி.வி.யில் எவ்வளவு நேரம் தெரிவார்?' கடைசி நாள் கடைசிக் கூட்டத்தில் ஆடினால்தான் யாராவது படம் எடுப்பார்கள். பந்தும் மட்டையும் கொடுத்து உதவும் நிறுவனங்கள் உண்டு, ரொக்கம் கொடுப்பவை குறைவு. பாதிப் பேருக்குக் கை கொடுப்பது வேறு: ஆட்டம் இல்லாத வாரங்களில் கிளப் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது.

இன்னொரு வழி புரோ-ஆம். போட்டியை ஒட்டி ஒரு நாள், பணம் போட்ட நிறுவனத்தின் விருந்தினர்களோடு புரோக்கள் ஆடுவார்கள். நம் பையன் அன்று விளையாட்டுக்காரனைவிடச் சம்பந்தி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்துகொள்வான். எல்லாருடைய மோசமான அடிக்கும் 'நல்ல அடி சார்'.

எப்படியும் இது பணக்காரங்க விளையாட்டுதானே?

ஆடுகிற கிளப்புகள் பணக்காரர்களுடையவை. டூரில் ஆடுகிறவர்களில் பலர் அந்தக் கிளப்புகளின் பின்வாசல் வழியாக வந்தவர்கள். இந்தியக் கோல்ஃபின் பெரிய பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991ல் நாட்டின் தேசியப் போட்டியான இந்தியன் ஓப்பனை வென்றார், 1993ல் மறுபடியும். எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவர். மகன் 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பன் வென்றார். 2009ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். அண்டை நாட்டிலும் இதே கதைதான்: டாக்காவில் பந்து பொறுக்கும் பையனாக ஆரம்பித்த சித்திகுர் ரஹ்மான் 2013ல் டெல்லிக்கு வந்து இந்தியன் ஓப்பனை எடுத்துக்கொண்டு போனார்.

ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகளும், வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர்களும் டூரில் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே டீயில், அதாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், நிற்கும். வித்தியாசம் ஆட்டத்தில் தெரியாது, கட் போன மறுநாள் தெரியும். ஒருவர் விமானத்தில் போய்த் தன் பயிற்சியாளரைப் பார்ப்பார். இன்னொருவர் தங்கின அறையின் மீதி இரண்டு நாள் வாடகையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் மச்சானும் பெங்களூரில் ஒரு கிளப்பில் புல் வெட்டும் வண்டி ஓட்டியவர்தான். பையன் கோல்ஃபுக்கு வந்த வழி அது.

தமிழ் ஆளுங்க யாராவது இருக்காங்களா?

இலங்கையிலிருந்து வந்து ஆடும் என். தங்கராஜா, கே. பிரபாகரன் இருவரும் பல வருடமாக பி.ஜி.டி.ஐ.யில் தெரிந்த முகங்கள். ஸ்கோர் பலகையில் தங்கராஜா என்ற பெயரைப் பார்த்த முதல் நாள் எனக்கு அவரைத் தேடிப் போய் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க வேண்டும் போலிருந்தது. இலங்கை, வங்கதேசம், நேபாளம் மட்டுமில்லை, ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தகுதிச் சுற்றில் தேறினால் எந்த நாட்டுக்காரரும் ஆடலாம்.

எங்க பையனும் நல்லா ஆடுறான். எப்படிச் சேர்றது?

க்யூ-ஸ்கூல் என்று பெயர். பள்ளிக்கூடம் இல்லை, தகுதிப் போட்டி. சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும். முதல்நிலைச் சுற்றுகளில் தேறியவர்கள் இறுதிநிலைக்கு வருவார்கள், அங்கே 72 குழி. அதில் ஏறத்தாழ முதல் 30 இடங்களுக்கு அந்த சீசனுக்கான முழு கார்டு கிடைக்கும். கார்டு என்றால் ஆடும் உரிமை, அவ்வளவுதான். அதோடு பணம் எதுவும் வராது.

ஏற்கெனவே டூரில் இருப்பவர்களுக்கு வேறு வழி. சீசன் முடிவில் வருமானப் பட்டியலில் முதல் 60க்குள் இருந்தால் கார்டு தங்கும். அறுபத்தொன்றாவதாக முடித்தவர் மறுபடி க்யூ-ஸ்கூலுக்குப் புதுப் பையன்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கட் கோட்டைப் பற்றி மேலே சொன்னேனே, அதே கோடுதான் வருடக் கணக்கிலும் ஒன்று இருக்கிறது.

சீசன் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியும்? மழைக்காலத்துல என்ன பண்ணுவாங்க?

குளிர் விலகும் பிப்ரவரி வாக்கில் சூடு பிடிக்கும், ஏப்ரல், மே வரை ஓடும். பிறகு பருவமழைக்கு இடைவெளி. ஆகஸ்டு, செப்டம்பரில் இரண்டாம் பாதி தொடங்கி டிசம்பர் வரை. ஏப்ரல் மாதச் சண்டிகரில் பை தூக்கிப் பார்த்தால் கோடையில் ஏன் ஆடுவதில்லை என்பது எலும்பில் தெரியும். டிசம்பரில் அதே வடக்கில் மூடுபனி. பந்து போகும் திசை தெரியாமல் ஆட்டம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும்.

முடிவுப் போட்டி ஜாம்ஷெட்பூரில், டாடா ஸ்டீல் டூர் சாம்பியன்ஷிப். பெல்டி, கோல்முரி என்று அந்த ஊரின் இரண்டு மைதானங்களையும் சேர்த்து, ஒன்பது குழி இங்கே ஒன்பது குழி அங்கே என்று ஆடுவார்கள். நடுவில் வண்டியில் ஏறி ஊரைக் கடக்க வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவனுக்கு அந்த வண்டிப் பயணம்தான் எதிரி. யோசிக்க நேரம் கொடுத்துவிடுகிறது.

இடைவெளி மாதங்களில் என்ன செய்வார்கள் என்பதற்கு, ஸ்பான்சர் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

எல்லா இடத்துலயும் புல்லும் குழியும்தானே? ஊர் மாறினா ஆட்டம் மாறுமா?

கிரிக்கெட்டில் சேப்பாக்கமும் பெர்த்தும் ஒன்றா? டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் இரண்டு பக்கமும் புதர், நடுவில் ஒடுங்கின பாதை, ஓரத்தில் பழைய கல்லறைக் கட்டடங்கள், மயில். அங்கே பலர் டிரைவர் என்கிற பெரிய மட்டையைப் பையிலேயே விட்டுவிடுவார்கள். தூரம் அடிக்கிற பலசாலிக்கு அங்கே மரியாதை இல்லை. ராயல் கல்கத்தா 1829ல் தொடங்கியது, பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே பழைய கிளப். அங்கே எங்கே பார்த்தாலும் குளம், நேராக அடித்தாலும் தூரம் தவறினால் தண்ணீர்.

நம் பக்கத்தில், சென்னை நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டிய மைதானத்தில் டூர் போட்டிகள் நடந்திருக்கின்றன. தினமும் பஸ்ஸில் அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறவர்களிடம் கேட்டால், உள்ளே 18 குழி இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

கேடின்னா பையைத் தூக்கறவர்தானே? அதுக்கு நீங்க போனீங்களா, இந்த வயசுலயா?

தூக்குவது எளிது. தூரம் சொல்ல வேண்டும், காற்று பார்க்க வேண்டும், குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையான கிரீனில் சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டால் வாய் திறக்க வேண்டும், கேட்காதபோது மூட வேண்டும். கடைசிச் செயல்தான் எனக்கு வரவில்லை. நல்ல கேடிக்கு வாரக் கூலியோடு பரிசில் பங்கும் உண்டு. வெற்றி பெற்றால் பத்தில் ஒன்று என்பது உலகம் முழுக்கப் பேசப்படும் வழக்கம்.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உறவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆட்டக்காரர் 14 மட்டைதான் வைத்திருக்கலாம். பயிற்சிக்குக் கூடுதலாக வெட்ஜ் என்கிற மட்டை ஒன்று எடுத்திருந்தோம், முதல் நாள் காலையில் அதை எடுத்து வைக்க மறந்தேன். மூன்றாவது டீயில் பையன் எதையோ தேடும்போது 'மாமா, பையில பதினஞ்சு இருக்கு' என்றான். விதி என்னவென்றால் தப்பு நடந்த ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி தண்டம், அதிகபட்சம் நான்கு. இரண்டு குழி ஆடி முடித்திருந்தோம், ஆக நான்கு. அந்த வெட்ஜைத் தலைகீழாகப் பையில் செருகிவிட்டு நடந்தோம். கட் மூன்று அடியில் போனது. நான்கைக் கழித்துப் பாருங்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் உள்ளூர் கேடி ஒருவர் வந்தார், நான் கணக்கு நோட்டோடு கயிற்றுக்கு வெளியே நடந்தேன்.

அம்பயரே இல்லாம எப்படிங்க? ஏமாத்த மாட்டாங்களா?

விதி அதிகாரிகள் வண்டியில் சுற்றுவார்கள், சந்தேகம் என்றால் கூப்பிடலாம். ஆனால் ஒவ்வொரு அடியையும் பார்த்து எண்ணுபவர் உங்களோடு ஆடுபவர்தான். உங்கள் ஸ்கோர் அட்டை அவர் கையில், அவருடையது உங்கள் கையில். முடிவில் சரிபார்த்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழியில் உண்மையைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே நீக்கம்.

கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்? அந்தக் கூடுதலே உங்கள் கணக்கு. 1968ல் அமெரிக்காவின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்ஸோ 65 அடித்தார். கூட ஆடியவர் ஒரு குழியில் மூன்றை நான்காக எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். 66 ஆனது. பிளேஆஃப் ஆட வேண்டியவர் ஒரு அடியில் இரண்டாமிடம். 35 வருடம் வவுச்சரில் கையெழுத்துப் போட்ட எனக்கு இந்தக் கதை புரிந்த அளவுக்கு வேறு எந்த கோல்ஃப் கதையும் புரியவில்லை.

மழை வந்து கெடுத்துட்டா பணம் திருப்பித் தருவாங்களா?

மின்னல் என்றால் உடனே சைரன், எல்லாரும் உள்ளே. ஈரமாக இருந்தால் பந்தை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ள அனுமதி தருவார்கள். நாள் முழுக்கப் போனால் 72 குழியை 54 ஆகச் சுருக்குவதும் உண்டு. உங்கள் அறை வாடகைக்கு மட்டும் சுருக்கம் கிடையாது.

அமெச்சூர் பையன் ஒருத்தன் முதலா வந்தா அந்த 15 லட்சம் யாருக்கு?

அமெச்சூர் என்றால் பணத்துக்கு ஆடாதவன். அதனால் கோப்பை அவனுக்கு, பணம் அடுத்து வந்த புரோவுக்கு. 1964ல் தொடங்கிய இந்தியன் ஓப்பனை அடுத்த வருடமே பில்லூ சேத்தி என்கிற அமெச்சூர் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியரும் அவர்தான்.

வருஷக் கடைசியில முதலிடம் வந்தா என்ன, இன்னொரு கோப்பையா?

கோப்பையைவிடப் பெரியது: ஐரோப்பாவை மையமாகக் கொண்ட டிபி வேர்ல்டு டூரில் அடுத்த சீசன் ஆடும் கார்டு. இரண்டு டூர்களுக்கும் உள்ள உடன்பாட்டால் வருவது. 2022ல் மனு கண்டாஸ், 2023ல் ஓம் பிரகாஷ் சவுகான், 2024ல் வீர் அஹ்லாவத், 2025ல் யுவராஜ் சந்து என்று முதலிடம் பிடித்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. இதில் சவுகான் மத்தியப் பிரதேசத்தின் மாவ் என்கிற ராணுவ ஊர்க்காரர். இரண்டாமிடத்துக்கு அந்தக் கார்டு கிடையாது. டிசம்பரில் ஜாம்ஷெட்பூரில் முதல் இரண்டு பேர் சாப்பிடும் மேஜையைப் பார்த்தாலே யார் பசியில் இல்லை என்பது தெரியும்.

சாதாரண வாரங்களிலும் உலகத் தரவரிசைப் புள்ளிகள் உண்டு, கொஞ்சமாக. எண்பதாவது இடத்துக்காரருக்கு அது பெருங்காய டப்பா வாசனை.

பொண்ணுங்களுக்கு உண்டா?

தனி டூர் உண்டு, மகளிர் கோல்ஃப் சங்கம் நடத்துகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்து, அன்று ஒரு காலை முழுக்க நாட்டையே கோல்ஃப் பார்க்க வைத்த அதிதி அசோக் பெங்களூர்ப் பெண்.

இப்ப ஐ.ஜி.பி.எல்.னு புதுசா ஒண்ணு வந்திருக்காமே? அங்க போயிடலாமே?

இந்தியன் கோல்ஃப் பிரீமியர் லீக், 2025ல் தொடங்கியது. 54 குழி, கட் கிடையாது, ஆண், பெண், அமெச்சூர் எல்லாரும் ஒரே களத்தில். ககன்ஜீத் புல்லர் போன்ற பெரிய பெயர்கள் போனார்கள். பி.ஜி.டி.ஐ.க்கும் அதற்கும் உரசல் இருக்கிறது. கட் இல்லை என்றதும் அக்கா உடனே 'அங்கேயே போகச் சொல்லு' என்றாள். ஆனால் அங்கே இருப்பது சில டஜன் இடங்கள். கட் கோட்டில் தொங்குகிறவனுக்கு அதற்குள் நுழைவதே ஒரு கட்.

எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்? ஒரு நாள் நிறுத்தித்தானே ஆகணும்?

கிரிக்கெட், பாட்மின்டன் மாதிரி முப்பத்தைந்தில் முடிந்துவிடுவதில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் முகேஷ் குமார், அவரும் மாவ் ஊர்தான். இந்தியாவுக்குள் எண்ண முடியாத அளவு பட்டம் வென்றவர். ஆசியன் டூரில் மட்டும் வெற்றி வாய்க்காமலே இருந்தது. 2016 டிசம்பரில், மேலே சொன்ன அந்த ஒடுங்கின டெல்லி மைதானத்தில், பானசோனிக் ஓப்பனை வென்றார். அப்போது அவர் வயது 51.

பையனுக்கு இப்போது 27. இதை அக்காவிடம் நம்பிக்கை வரட்டும் என்றுதான் சொன்னேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, 'இன்னும் இருபத்தி நாலு வருஷமா?' என்றாள்.